காய்ச்சல் இல்லாமல் ஒரு விடுப்பு

குறை சொன்னால் கோபிக்காத குணமும், கோபித்தாலும் அதைக் கூட்டத்தில் காட்டாத பண்பும் கொண்டு, இந்த ஆண்டு விழாவின் தலைமை நாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் எங்கள் இயக்குநர் அம்மையார் அவர்களே. கோடுகளைக் குழந்தைகளாகவும் கட்டங்களைக் குடும்பமாகவும் எண்ணி வளர்த்து, நாங்கள் முதுகுக்குப் பின்னால் அம்புக்குறியார் என்று அழைப்பதைக் கேட்டும் கேளாதவர்போல் நடக்கும் செயல்முறைத் துறைத் தலைவர் அவர்களே. இன்று பரிசு பெற மேடையேறிவிட்டு, பேசச் சொல்லிவிடுவார்களோ என்று பின்வாசலைக் கண்ணால் தேடிக்கொண்டிருக்கும் எங்கள் ஆய்வுப் பிரிவுத் தங்கை அவர்களே. நிரல் எழுதும் நண்பர்களே, அவர்கள் எழுதியதை உடைத்துப் பார்க்கும் என் இனத்தாரே. பிள்ளையின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் பொய்யைப் பிடித்துவிடும் வித்தையை இன்றுவரை எந்தக் கணினிக்கும் கற்றுக்கொடுக்காத தாய்மார்களே. முன்வரிசையில் நிமிர்ந்திருக்கும் பெரியோர்களே, பின்வரிசையில் கைப்பேசிக்குள் குனிந்திருக்கும் சிறியோர்களே. உங்கள் அனைவரையும், இந்த ஒலிவாங்கியை முட்டித் தள்ளாமல், இரு கை கூப்பி வணங்குகிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் கொஞ்சம். அதற்குக் காவலாக என் மனைவி மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் "முடித்துக்கொள்ளுங்கள்" என்று பொருள். துடைத்த கண்ணாடியைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தால் "வீட்டுக்கு வாருங்கள், பேசிக்கொள்ளலாம்" என்று பொருள். இதோ, இப்போதே கழற்றிவிட்டார். நான் இன்னும் தொடங்கவே இல்லை அம்மணி. இதுவரை பேசியது வணக்கம்.

அவையோரே, நான் இந்த நிறுவனத்தின் மூத்த சோதனையாளன். பிறர் எழுதிய மென்பொருளில் பிழை பிடிப்பதே என் பிழைப்பு. பிழை கிடைத்தால் எனக்கு அன்று பெருநாள். கிடைக்காவிட்டால் எனக்கு இரவில் உறக்கம் வராது. அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, தானாகவே பிழை கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைப் பாராட்டிப் பேச வா என்று அழைத்திருக்கிறார்கள். கோழியை மேடையேற்றி, முட்டையிடும் இயந்திரத்தை வாழ்த்திப் பேசச் சொல்கிறார்கள். பேசுகிறேன். மனமுவந்தே பேசுகிறேன். ஏன் என்று முடிவில் உங்களுக்குத் தெரியும்.

முதலில், அந்தக் கருவி எதில் பிழை பார்க்கிறது? நிரலிலா? இல்லை. கணக்கிலா? இல்லை. எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொடங்கி மாடிப்படிவரை, நடைவழிச் சுவர் முழுவதையும் மூடிக்கொண்டு ஒரு படம் இருக்கிறது. அதற்குச் செயல்முறைப் படம் என்று பெயர். மென்பொருள் எப்படிப் பிறக்க வேண்டும், எப்படி வளர வேண்டும், எப்படி வாடிக்கையாளர் வாசல் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் படம். ஒருவர் எழுத வேண்டும். இன்னொருவர் படிக்க வேண்டும். நான் உடைக்க வேண்டும். உடைந்ததை எழுதியவரே ஒட்ட வேண்டும். ஒட்டியதற்கு ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஓர் அம்பு. அவ்வளவுதான் தாய்மார்களே, இதைத்தான் உங்கள் வீட்டு ஆண்கள் பெரிய விஷயம்போல் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

அந்தப் படத்தைப் படித்துத்தான் எங்கள் கணினி எங்களை நடத்துகிறது. படத்தில் அம்பு இருந்தால் வேலை நகரும். அம்பு இல்லாவிட்டால், ஆண்டவனே வந்து அமுக்கினாலும் அந்தப் பொத்தான் அமுங்காது. அத்தனை அதிகாரம் கொண்ட படத்தை வரைந்தவர் நம் அம்புக்குறியார். வரைந்தார், வளைத்தார், வண்ணம் தீட்டினார். தேநீர்க் கோப்பையோடு யாராவது அந்தச் சுவரில் சாய்ந்தால், எந்த அறையில் இருந்தாலும் அவருக்கு எப்படியோ தெரிந்து, ஓடி வருவார். "சுவத்துல சாயாதீங்க, அம்பு அழியுது" என்பார். ஐயா தலையாட்டுகிறார் பாருங்கள். உண்மையைத்தான் சொல்கிறேன்.

நிரலில் பிழை இருந்தால் நான் பிடிப்பேன். படத்திலேயே பிழை இருந்தால் யார் பிடிப்பது? நடப்பவனின் நடையைத் திருத்த ஆள் உண்டு. அவன் நடக்கும் பாதையைத் திருத்த ஆள் உண்டா? அந்தக் கேள்வியை நாங்கள் யாருமே கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்க வேண்டிய நாளில் எல்லாம் எங்களுக்குக் காய்ச்சல்.

என்ன அங்கே சிரிப்பு? எங்கள் ஊழியர்கள் சிரிக்கிறார்கள், குடும்பத்தார் விழிக்கிறார்கள். விளக்குகிறேன்.

அந்தப் பெரிய படத்தின் ஒரு மூலையில், மாடிப்படிக்குச் சற்று முன்னால், விடுப்புக்கென்று சில கட்டங்கள் உண்டு. அங்கே இரண்டு விதிகள். முதல் விதி: ஒருவர் விடுப்பில் போக வேண்டுமானால், அவருடைய நிரல்களின் பொறுப்பை ஒரு மாற்று ஆள் ஏற்றிருக்க வேண்டும். நல்ல விதியா இல்லையா? மிக நல்ல விதி. வேலை அனாதையாகக் கிடக்கக்கூடாது. இரண்டாம் விதி: ஒரு நிரலுக்கு ஒரு நேரத்தில் ஒருவர்தான் பொறுப்பு; எனவே பழைய ஆள் விடுப்பில் போன பிறகே மாற்று ஆள் பொறுப்பேற்க முடியும். இதுவும் நல்ல விதிதான். இரண்டு பேர் ஒரே நிரலைத் திருத்தினால் என்ன ஆகும் என்பது, ஒரே தொலைக்காட்சிக்கு இரண்டு ரிமோட் வைத்திருக்கும் வீட்டாருக்குத் தெரியும்.

இரண்டும் நல்ல விதிகள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மாற்று ஆள் வந்தால்தான் இவர் போகலாம். இவர் போனால்தான் மாற்று ஆள் வரலாம். குறுகிய வாசலில் இரண்டு மரியாதைக்காரர்கள் எதிரெதிரே நின்று "நீங்க போங்க" "இல்லல்ல, நீங்க வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் எப்படியோ, அப்படி. யாரும் போகவில்லை. யாரும் வரவில்லை. இந்த நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து, விதிப்படி விடுப்பில் போனவர் ஒருவர்கூட இல்லை.

பிறகு எப்படி நாங்கள் கல்யாணங்களுக்குப் போனோம்? எப்படி மலைக்கும் கடலுக்கும் போய்ப் புகைப்படம் எடுத்து வந்தோம்? படத்தில் ஒரு குறுக்குச் சந்து இருந்தது. "உடல்நலக் குறைவு" என்று ஒரு கட்டம். அதற்கு மாற்று ஆளும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். நேராக வெளியே ஓர் அம்பு. முதல் காய்ச்சல் யாருக்கு வந்தது என்று வரலாறு குறித்துவைக்கவில்லை. ஆனால் வந்த காய்ச்சல் பரவியது. தங்கை நிச்சயதார்த்தத்துக்குக் காய்ச்சல். மச்சினன் வீடு மாற்றுவதற்குக் காய்ச்சல். பிள்ளையின் பள்ளி விளையாட்டு விழாவுக்குக் காய்ச்சல், அதுவும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே நாளில். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம், கழிப்பறை எங்கே, தேநீர் எங்கே என்று காட்டிவிட்டு, மூன்றாவதாகக் காய்ச்சல் எங்கே அமுக்குவது என்றும் நாங்கள் காட்டிக்கொடுப்போம். அதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை. பழக்கம் என்று நினைத்தோம்.

ஆனால் நிர்வாகம் பயந்துபோனது. பயப்படாமல் என்ன செய்யும்? இத்தனை பேருக்கு இத்தனை காய்ச்சல். தண்ணீர் சரியில்லையோ என்று சுத்திகரிப்பு இயந்திரத்தை மாற்றினார்கள். காய்ச்சல் குறையவில்லை. கொசு என்றார்கள், சன்னல்களுக்கெல்லாம் வலை அடித்தார்கள். காய்ச்சல் குறையவில்லை. குளிரூட்டியில் தூசி என்று அதையும் கழற்றினார்கள். அது கோடைக்காலம் என்பதால் காய்ச்சல் இன்னும் கூடியது. கடைசியில் ஒரு மருத்துவரைக் கூட்டி வந்து எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துச் சோதித்தார்கள். அவர் கைகழுவிக்கொண்டே, "என் அனுபவத்துல இவ்ளோ ஆரோக்கியமான கூட்டத்தை நான் பார்த்ததே இல்ல" என்று சொன்னார். இவருக்கு வைத்தியம் தெரியவில்லை என்று மருத்துவரை மாற்றிவிட்டார்கள்.

பின்னால் யாரோ இருமுகிறீர்கள். இது உண்மையான இருமல் என்றால் தண்ணீர் குடியுங்கள். மற்றது என்றால் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

இப்படி எல்லோரும் நிம்மதியாகக் காய்ச்சலில் வாழ்ந்துகொண்டிருந்த எங்கள் நடுவே ஒருவர் இருந்தார். நிரல் எழுதும் பிரிவுக்காரர். நாங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் மெய்யர். இன்று இந்த அரங்கில் அவர் இல்லை. அவருக்குப் பொய் வராது. வராது என்றால், சொல்லக்கூடாது என்று அடக்கிக்கொள்வதில்லை. சிலருக்கு விசிலடிக்க வராதே, அதுபோல வாய் குவிந்தாலும் சத்தம் வராது. ஒருமுறை பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வந்து, "எங்க சாஃப்ட்வேர் எப்படி வந்துக்கிட்டிருக்கு" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். மெய்யர் யோசித்துவிட்டு, "சுமாரா வந்துக்கிட்டிருக்கு சார்" என்றார். அன்றிலிருந்து வாடிக்கையாளர் வரும் நாளில் அவரைக் கிடங்குக்கு அனுப்பிக் கம்பிவடங்களைச் சுருட்டச் சொல்வார்கள்.

அவர் மனைவி வேறு ஊரில் வேலை பார்க்கிறார். முதல் பிரசவம். பக்கத்தில் இருப்பேன் என்று மெய்யர் வாக்குக் கொடுத்திருந்தார். நாள் நெருங்க, விடுப்புக்கு முறைப்படி விண்ணப்பித்தார். கணினி சொன்னது: "மாற்று ஆளுக்காகக் காத்திருக்கிறது." அவரும் காத்திருந்தார். காலையில் வந்து பார்ப்பார், காத்திருக்கிறது. மாலையில் போகும்போது பார்ப்பார், காத்திருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. மாற்று ஆளாக நான் வருகிறேன் என்று போய் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினேன். கணினி என்னிடம் சொன்னது: "இருக்கை இன்னும் காலியாகவில்லை." எழுந்து வந்துவிட்டேன்.

"காய்ச்சல்னு போட்டுட்டுக் கிளம்புடா" என்றேன்.

"எனக்குக் காய்ச்சல் இல்லையேண்ணா."

"வரப்போகுதுன்னு நினைச்சுக்கோ."

"நினைச்சுப் பார்த்தேண்ணா. வரல."

"உன் பொண்டாட்டி என்ன சொல்றா?"

"நீங்க வருவீங்களா, இல்ல உங்க உண்மை மட்டும் தனியா வருமான்னு கேக்கறா."

சிரித்தோம் அவையோரே. அன்றைக்குத் தேநீர் நேரம் முழுக்க அவரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒரு பொய்யை அமுக்கத் தெரியாதவன் என்றோம். பிழைக்கத் தெரியாதவன் என்றோம். அன்றும் வாடிக்கையாளர் வந்திருந்ததால், அவர் கம்பிவடத்தைச் சுருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது நம் தங்கையிடம் வருகிறேன். தலையைக் குனியாதீர்கள் அம்மா, புகைப்படக்காரர் சிரமப்படுகிறார். இவர் ஒரு கருவி செய்தார். செயல்முறைப் படத்தை அப்படியே விழுங்கி, அதில் எங்கே கோளாறு என்று தானே சொல்லும் கருவி. அதற்கு இவர் ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தார். எங்கள் ஆட்கள் சம்பந்தியம்மா என்று வைத்துவிட்டார்கள். மண்டபத்துக்குள் கால் வைத்ததுமே எந்த நாற்காலி ஆடுகிறது என்று சொல்லிவிடுமாம். சபையில் உள்ள சம்பந்தியம்மாக்கள் மன்னிக்க வேண்டும். குறிப்பாக, என் மகளின் மாமியார் மன்னிக்க வேண்டும்.

அந்தக் கருவியை முதன்முதலாக ஓட்டிக் காட்டப் பெரிய கூட்ட அறையில் எல்லோரையும் கூட்டினார்கள். அம்புக்குறியார் முதல் ஆளாக வந்து முன்னால் உட்கார்ந்தார். "ஓட்டிப் பாருங்கம்மா, ஒண்ணும் அகப்படாது. ஒவ்வொரு அம்பும் என் கையால போட்டது" என்றார். திரையில் படம் விரிந்தது. தொடக்கக் கட்டத்தில் சின்னதாக ஒரு புள்ளி முளைத்தது. அம்பின் வழியே நடந்தது. பிரியும் இடத்தில் பிரிந்தது, சேரும் இடத்தில் சேர்ந்தது. இன்னொரு புள்ளி, இன்னொரு வழி; மற்றொரு புள்ளி, மற்றொரு வழி. ஒரு கட்டம் விடாமல், ஒரு கோடு விடாமல் நடந்து பார்த்தன. அழகாகத்தான் இருந்தது. என் தொழிலைப் பறிக்க வந்ததை அழகு என்று சொல்ல எனக்கு வயிற்றெரிச்சல்தான், ஆனாலும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கட்டம் மஞ்சளாக மாறியது. எந்தப் புள்ளியும் அங்கே போய்ச் சேரவில்லை. அந்தக் கட்டத்துக்குள் வரும் அம்பே இல்லை. என்ன கட்டம் என்று பெரிதாக்கிப் பார்த்தார்கள். "சிறப்பாகப் பணி செய்தோரைப் பாராட்டுதல்." ஆமாம், கைதட்டுங்கள். இத்தனை வருடமாக நம்மை ஏன் யாரும் பாராட்டவில்லை என்று மனம் நொந்தவர்கள் எல்லாம் இப்போது கைதட்டுங்கள். அது மனிதர்களின் குற்றமில்லை, அம்பு இல்லை.

அடுத்து ஒரு புள்ளி சுற்றிச் சுற்றி வந்தது. கூட்டம் நடத்த வேண்டும், அதற்கு முன் கூட்டம் எப்போது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் நடத்த வேண்டும், அந்தக் கூட்டத்துக்கு நாள் குறிக்க... இதைச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் எல்லோரும் அந்தக் கூட்டங்களில் இருந்திருக்கிறீர்கள்.

பிறகு புள்ளி மாடிப்படி மூலைக்குப் போனது. விடுப்புக் கட்டங்களுக்கு முன்னால் நின்றது. நின்றது நின்றதுதான். நகரவில்லை. சிவப்பாக மாறி விட்டுவிட்டு எரிந்தது.

அம்புக்குறியார் எழுந்துவிட்டார். "மெஷின் தப்பா சொல்லுது. இத்தனை வருஷத்துல எத்தனையோ பேர் லீவு போயிட்டு வந்திருக்காங்க. இதுல வழி இல்லைன்னா ஒருத்தராவது வந்து சொல்லியிருப்பாங்களே."

நியாயமான கேள்வி. நம் இயக்குநர் அம்மையார் மெதுவாகக் கேட்டார். "இங்க முறைப்படி லீவு எடுத்தவங்க யாராவது கை தூக்குங்க." ஒரு கைகூட எழவில்லை. தம் கணினியைத் திறந்து பார்த்தார். "லீவுல போனவங்க யாருமே இல்ல. காய்ச்சல்ல போனவங்க, ரெண்டு பேரைத் தவிர எல்லாரும்." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அப்போ அந்தத் தண்ணி மெஷின், கொசுவலை எல்லாம்?" என்றார். எங்கள் எல்லோருக்கும் மேசையின் மரவேலைப்பாட்டில் திடீரென்று ஆர்வம் வந்துவிட்டது.

அம்புக்குறியார் மட்டும் தங்கையைப் பார்த்துக் கேட்டார். "இத்தனை பேர் கண்ணுக்குத் தெரியாதது உன் கருவிக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

அப்போது இந்தத் தங்கை சொன்ன பதிலுக்குத்தான், அவையோரே, நான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன். "அது பெரிய வித்தை எல்லாம் இல்லீங்க ஐயா. படத்துக்குள்ள ஒரு ஆளை அனுப்புது. பொய் சொல்லத் தெரியாத ஆளு. குறுக்குச் சந்துல போகமாட்டார், அம்பு எங்க காட்டுதோ அங்க மட்டும்தான் போவார். அவர் எந்த இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறாரோ, அங்க தப்பு இருக்குன்னு அர்த்தம். அவ்ளோதான் என் கருவி."

எல்லோருடைய தலையும் திரும்பியது. கடைசி நாற்காலியில் மெய்யர் உட்கார்ந்திருந்தார்.

யார் அவையோரே கருவி? யார் முதலில் அந்தப் பாதையில் நடந்தவர்? யார் அம்பு காட்டிய வழியே போய், அம்பு இல்லாத இடத்தில் நின்று, நின்ற இடத்திலிருந்து நகராமல், "இங்கே வழியில்லை, இங்கே வழியில்லை" என்று எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர்? அவரைக் காட்டி நாங்கள் சிரித்தோம். அவர் நின்ற இடத்தைப் பார்த்திருந்தால் பிழை அன்றைக்கே தெரிந்திருக்கும். நாங்கள் கெட்டிக்காரர்கள், எங்களுக்குச் சுற்றிப் போகத் தெரியும். ஒரு பிழையைச் சுற்றி ஆயிரம் பேர் அழகாக நடந்து போனால், அந்தப் பிழை பிழையாகவே இருக்காது, ஊர்வழக்கம் ஆகிவிடும். பொய் சொல்லத் தெரியாத ஒருவன் போய் முட்டிக்கொண்டால்தான் அங்கே சுவர் இருப்பதே தெரியும். அதை நினைக்க எனக்கு அன்றும் வெட்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

கைதட்டலுக்கு நன்றி. என் மனைவியும் தட்டுகிறார், ஆகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுவிட்டார் என்று தெரிகிறது.

அந்த நேரம் பார்த்து மெய்யரின் கைப்பேசி அடித்தது. பேசிவிட்டு எழுந்து நின்றார். "மேடம், வலி எடுத்திருச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்." சொல்லிவிட்டு அப்படியே நின்றார். கிளம்பவில்லை. அவர் கேட்டது ஒப்புதல் அல்ல, வழி.

படத்தில் ஒரு கோட்டை மாற்ற வேண்டுமென்றால் படக்குழு கூட வேண்டும். அதுவும் படத்திலேயே எழுதியிருக்கிறது. குழுவைக் கூட்டுங்கள் என்றார் அம்மையார். குழுவினர் எங்கே? ஒருவருக்குக் காய்ச்சல். இன்னொருவருக்குக் காய்ச்சல். மூன்றாமவர் வந்திருந்தார், ஆனால் மதியத்துக்கு மேல் வரப்போகும் காய்ச்சலுக்குக் காலையிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்.

எல்லோரும் அம்புக்குறியாரைப் பார்த்தோம். தம் வாழ்நாளில் குழு கூடாமல் ஒரு கோட்டை ஒரு நூல்கூட நகர்த்தாதவர். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான் இருக்கேன், மாத்துங்க" என்றார் அம்மையார். அம்புக்குறியார் கணினி முன் உட்கார்ந்தார். பொறுப்பைக் கொடுப்பது ஒரு கட்டம், வாங்குவது ஒரு கட்டம், விடுப்பு தொடங்குவது ஒரு கட்டம் என்று பிரித்துவைத்திருந்ததை எல்லாம் அழித்தார். ஒரே கட்டமாக வரைந்தார்: இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இவர் கொடுக்க, அவர் வாங்க, அந்தக் கணமே விடுப்பு தொடங்கும். தங்கை மீண்டும் கருவியை ஓட்டினார். புள்ளி நடந்தது, வந்தது, நிற்காமல் கடந்து வெளியே போனது. நான் மெய்யர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் கொடுத்தார், நான் வாங்கினேன். "போடா" என்றேன். ஓடினார். ஓடுகிற ஓட்டத்தில் அந்த நடைவழிச் சுவரில் மோதி, இரண்டு அம்புகளை அழித்துவிட்டுத்தான் போனார். அம்புக்குறியார் ஒன்றும் சொல்லவில்லை.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் அவையோரே. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். குழந்தையின் புகைப்படத்தோடு எங்களுக்குச் செய்தி அனுப்பினார். "குழந்தை பார்க்க இப்போதைக்குச் சுமார்தான். ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு." அந்த மனிதரிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு எந்தக் குழந்தைக்கும் கிடைத்திருக்காது.

இங்கே முடித்திருக்கலாம். முடிக்கவிடாமல் ஒன்று நடந்தது. கூட்டம் கலைந்தது. நானும் தங்கையும் மட்டும் அறையில் கருவியை மூடிக்கொண்டிருந்தோம். உண்மையிலேயே நிலுவையில் நிற்கும் விண்ணப்பங்களைத் திரையில் போட்டுப் பார்த்தார் தங்கை. மெய்யருடையது போய்விட்டது. ஆனால் அதே இடத்தில் இன்னொரு புள்ளி நின்றுகொண்டிருந்தது. யாருடையது என்று அமுக்கப் போனார். "வேண்டாம்மா, அது என்னுது" என்று கதவருகிலிருந்து ஒரு குரல். அம்புக்குறியார்.

காய்ச்சலே வராத அந்த இன்னொரு ஆள்.

"எப்ப போட்டதுங்க ஐயா?" என்று கேட்டார் தங்கை.

"பேத்தி பொறந்தப்ப. போய்ப் பார்த்துட்டு வரலாம்னு போட்டேன்."

"இப்ப பேத்திக்கு?"

"ஸ்கூல் போறா."

நான் கேட்டேன். "ஏன் சார், யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "மாற்று ஆளுக்காகக் காத்திருக்கிறதுன்னு தினமும் போட்டிருக்கும். நானும் தினமும் பார்ப்பேன். எல்லார் வேலையிலயும் குத்தம் சொல்றவன் நான். சுவத்துல சாயாதேன்னு விரட்டறவன். இவன் இடத்துக்கு நாம ஏன் போகணும்னு யாரும் முன்னால வரலைன்னு நினைச்சேன். அதை எப்படிப்பா போய்க் கேக்கறது?"

பெரியோர்களே, தாய்மார்களே, அந்த விண்ணப்பம் எங்கள் ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. இருக்கை காலியான பிறகுதான் அது மற்றவர் திரைக்கு வரும் என்பது அவரே போட்ட அம்பு. ஒரு கோட்டுப் பிழையை, தம்மை யாருக்கும் பிடிக்கவில்லை என்று படித்துக்கொண்டு, அந்த மனிதர் இத்தனை வருடமாக எங்களுக்கு மத்தியில் உட்கார்ந்திருந்தார். நாங்களோ, இவருக்குப் படத்தைத் தவிர வேறு உறவே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தோம். கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். புதிய இயந்திரத்துத் தண்ணீர்தான், நன்றாக இருக்கிறது.

ஐயா, நீங்கள் எழுந்து போகாதீர்கள். உட்காருங்கள். இது வீட்டுக்குள் பேச வேண்டியது என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். விழா வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று நீங்கள் தள்ளிவைத்தீர்கள். விழா வந்துவிட்டது. அம்பு சரியாகிவிட்டது. இனி வேண்டியது ஒரே ஒரு மாற்று ஆள். அதை நான் இந்தச் சபையிலேயே கேட்கப் போகிறேன்.

தோழர்களே. இந்தப் பெரியவர் தம் பேத்தியைப் பார்க்கப் போக வேண்டும். அவர் திரும்பி வரும்வரை அவர் இடத்தில் உட்கார யார் தயார்? யோசித்துச் சொல்லுங்கள். அவர் இடத்தில் உட்கார்ந்தால், சுவரில் சாய்கிறவர்களை விரட்ட வேண்டும். எல்லோருக்கும் குற்றம் சொல்ல வேண்டும். ஒருவரும் உங்களைத் தேநீருக்கு அழைக்கமாட்டார்கள். தயாரானவர்கள் கை தூக்குங்கள்.

கொஞ்சம் பொறுங்கள், விளக்கு வெளிச்சத்தில் கண் கூசுகிறது. நிரல் பிரிவு முழுவதும். சோதனைப் பிரிவு முழுவதும். கணக்குப் பிரிவு, உங்களுக்கு இந்த வேலையே தெரியாது, ஆனாலும் சரி. வாசலில் காவலர் அண்ணன் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறார். அம்மையார் அவர்களே, தாங்கள் தலைமை தாங்குகிறீர்கள், தாங்களும் தூக்கினால் எப்படி? என் சொந்தச் சம்பந்தியம்மா, நீங்கள் கையை இறக்குங்கள், நீங்கள் வந்தால் இந்த நிறுவனத்தில் ஒரு சுவர்கூட மிஞ்சாது. என் மனைவி. என் மனைவியும் தூக்கியிருக்கிறார்.

இவர் மேல் உள்ள அன்பினால் தூக்கினீர்களா, இவர் இல்லாமல் சில நாள் சுவரில் சாயலாம் என்ற ஆசையால் தூக்கினீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. மெய்யர் இங்கே இருந்தால் அதையும் சொல்லியிருப்பார். அவர் இல்லாதது நல்லதுதான்.

ஐயா, குனிந்து மேசையைப் பார்க்காதீர்கள். நிமிருங்கள். நிமிர்ந்து நன்றாகப் பாருங்கள். ஆள் வரவில்லை, ஆள் வரவில்லை என்று ஒவ்வொரு காலையும் படித்தீர்களே. இத்தனை பேர் உங்களுக்காக வந்து நிற்கிறோம். உங்கள் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் போய் நில்லுங்கள்.

இடம் கொடுத்த அம்மையாருக்கும், கருவி கொடுத்த தங்கைக்கும், காது கொடுத்த உங்களுக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்ட என் இல்லாளுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். தூக்கிய கைகளை யாரும் இன்னும் இறக்க வேண்டாம். ஐயா எண்ணி முடிக்கட்டும். வணக்கம்.